பன்னெண்டு பாயிண்டு மொய்

ஏலே பேராண்டி, இப்பிடி வந்து உக்காரு. அந்த வெத்தலைப் பெட்டியை இங்கிட்டு நகட்டு. ஒனக்கு நாலு புத்தி சொல்லணும். கேக்குறதும் கேக்காததும் ஒன் இஷ்டம். சொல்லாம வச்சுக்கிட்டா எனக்குச் சோறு செமிக்காது.

அன்னைக்கு, 2025 வைகாசி பெறந்து நாலாம் நாள், கோழி கூப்பிடுற நேரம். மச்சுல இருந்து "போச்சு, போச்சு"ன்னு ஒரு கூப்பாடு. ஆட்டுக்கிடையில நரி பூந்துருச்சுன்னு கம்பைத் தூக்கிக்கிட்டு ஓடியாறேன். வந்து பாத்தா, செம்புல போனைச் சாத்தி வச்சுட்டு, ரெண்டு கையையும் தலையில வச்சு நீ உக்காந்திருக்கே. எந்த வீட்ல எழவுலேன்னு கேட்டேன். "எஸ்தோனியா மூணாவதுதான் வந்துச்சு தாத்தா"ன்னே. எஸ்தோனியா நமக்கு என்ன முறை வேணும்? பங்காளியா, சம்பந்தகாரனா?

பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கி, நம்ம கழுகுமலைக் கழுகாசலமூர்த்தி வாசல்ல சாமி வந்து ஆடுறவுகளை எழுபது வருசமாப் பாக்கேன். போனைப் பாத்துச் சாமி வந்தவனை இப்பத்தான் பாக்கேன்.

தூக்கம் போனது போச்சு, என்னதான்லே அதுன்னு கேட்டேன். யூரோவிஷன்னே. ஐரோப்பாக்காரங்க டிவியில நடத்துற பாட்டுப் போட்டியாம். 1956ல சுவிட்சர்லாந்துல, லுகானோங்கிற ஊர்ல, ஏழு நாட்டோட ஆரம்பிச்சதாம். மொத வருசம் கெலிச்சது யாருன்னேன். சுவிட்சர்லாந்துன்னே. அதுலயும் லக்சம்பர்க் நடுவருக வர முடியாமப் போக, அவுக ஓட்டையும் சுவிட்சர்லாந்து ஆளுகளே போட்டாகளாம். யாருக்கு எத்தனை மார்க்குன்னு வெளியிலயே சொல்லலையாம். பந்தல் போட்டவனுக்கே பரிசு! ஏதோ வெள்ளைக்காரன் ஊரு, நூல் பிடிச்ச மாதிரி நடக்கும்னு நெனச்சேன். நம்ம ஊரு மாதிரித்தான் இருக்கு. அப்பத்தான் எனக்கும் பாக்கணும்னு ஒரு ஆசை வந்துச்சு.

மொதப் புத்தி, பாட்டுக் கேக்குறவன் கடிகாரத்தைப் பாக்கக் கூடாது. அங்க ஒரு பாட்டு மூணு நிமிசத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டமாம். மேடையில ஆறு பேருக்கு மேல நிக்கக் கூடாதாம். தொண்டை மட்டும் நெசம். வாத்தியம் பூராவும் முன்னாலேயே பதிஞ்சு வச்சது. வாத்தியக்காரங்களை 1998 போட்டியோட வீட்டுக்கு அனுப்பிட்டாகளாம். மூணு நிமிசத்துல நம்ம நாதசுரக்காரர் என்ன செய்வார்? சீவாளியை வாயில வச்சு நனைப்பார், ரெண்டு ஊது ஊதிப் பாப்பார், சரியில்லைன்னு கழட்டி இன்னொண்ணைச் செருகுவார், தவில்காரரைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். நேரம் முடிஞ்சு போச்சு. கோவில்பட்டியில இருந்தாரே காருகுறிச்சி அருணாசலம், 1962ல 'கொஞ்சும் சலங்கை' படத்துல ஜானகியம்மா குரலுக்கு ஈடா ஊதினவர், அவரை அங்க அனுப்பியிருந்தா சீவாளியை நனைக்கும்போதே எறக்கி விட்டிருப்பாக. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் நம்ம முருகன் மேல காவடிச்சிந்து பாடினாரே, அது ஊத்துமலையில இருந்து கழுகுமலை வரைக்கும் காவடியோட நடந்து வர்றதுக்குன்னே பாடின பாட்டு. மூணு நிமிசத்துல நடந்தா ஊத்துமலை எல்லையைக்கூடத் தாண்ட முடியாது.

ரெண்டாவது புத்திதான் பெரிய புத்தி. காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு.

மார்க்குப் போடுறதை வெவரமாச் சொன்னே. ஒவ்வொரு நாடும் பிடிச்ச பாட்டுக்கு 12, அடுத்ததுக்கு 10, அப்புறம் 8ல இருந்து ஒண்ணு வரைக்கும். சொந்த நாட்டுக்குப் போட்டுக்கிட முடியாது. ஒம்போதும் பதினொண்ணும் எங்கலேன்னு கேட்டதுக்கு ஆந்தை மாதிரி முழிச்சே. நாம நூறோட ஒத்த ரூவா சேத்து நூத்தியொண்ணுன்னு எழுதுற சாதிசனம். அவுக பதினொண்ணையே தூக்கிக் கடாசிட்டாக.

அப்புறம் ஒவ்வொரு நாட்டுல இருந்தும் சீவிச் சிங்காரிச்ச ஒரு ஆளு வந்து, பல்லைக் காட்டிட்டு, "எங்க நாட்டோட பன்னெண்டு பாயிண்டு..."ன்னு இழுக்கான். இழுத்த ஒடனே எனக்குப் பிடிபட்டுப் போச்சு. காதுகுத்து வீட்டு வாசல்ல மைக் செட்டுல வாசிக்கிறது இதைத்தானலே? "நாலாட்டின்புதூர் மாமா... ஐநூத்தி ஒண்ணேய்!" பாட்டுப் போட்டின்னு பேரு வச்சுக்கிட்டு மொய் எழுதிட்டு இருக்காக!

சைப்ரஸு கிரீசுக்குப் பன்னெண்டு போடும், கிரீஸு சைப்ரஸுக்குப் பன்னெண்டு போடும், இது காலங்காலமா நடக்குதுன்னு என்னமோ களவைக் கண்டுபிடிச்ச மாதிரி சிரிச்சே. என் டிரங்குப் பெட்டியில ஓரத்துல மஞ்சள் தடவின நீள நோட்டு ஒண்ணு கெடக்கு, எடுத்துப் பாரு. ஒங்க அப்பன் கல்யாணத்து மொய் நோட்டு. மொத வரி தாய்மாமன். பேருக்கு நேர ரூவா. அதுக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு கோடு. திருப்பிச் செஞ்சாச்சுன்னு அர்த்தம். கோடு விழாத பேரு இன்னும் ரெண்டு இருக்கு. அதை நெனச்சா ஒங்க ஆச்சிக்கு இன்னைக்கும் ராத்தூக்கம் கெடையாது. கிரீசுலயும் ஒரு ஆச்சி அப்பிடி ஒரு நோட்டு வச்சிருப்பா. மொய் எழுதுறவன் சாம்பார்ல உப்புச் சரியா இருந்துச்சான்னு பாத்தா எழுதுறான்?

1969ல ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு நாலும் ஒரே மார்க்காம். சமமா வந்தா என்ன செய்யுறதுன்னு எழுதி வைக்க மறந்துட்டாக. நாலு பேருக்கும் பரிசு! எம்புட்டு நல்ல பஞ்சாயத்து பாரு.

மூணாவது புத்தி, மொய் செய்யாதவனுக்கு மொய் வராது. பிரிட்டன்காரனுக்கு 2003ல ஒரு முட்டை. 2021ல நடுவருககிட்ட ஒரு முட்டை, சனங்ககிட்ட ஒரு முட்டை. அதைக் கேட்டதும் வெத்தலை இனிச்சுது பாரு, கருப்பட்டி தோத்துப் போகும். இந்தா இருக்கு கயத்தாறு. 1799ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கூட்டம், 222 வருசம் கழிச்சு ரோட்டர்டாம் மேடையில ஜோடி முட்டையை ஏந்திக்கிட்டு நிக்கி. தெய்வம் நின்னு கொல்லும்னு சொல்லுவாக. பாட்டுப் போட்டி வரைக்கும் நிக்கும்னு நான் நெனைக்கல. மறு வருசமே அவன் ரெண்டாவதா வந்துட்டான்னு நீ சொல்லாம இருந்திருக்கலாம். வெத்தலை கசந்து போச்சு.

அந்த மறு வருசம் உக்ரைன் கெலிச்சதாமே, சண்டையில அடிபட்ட நாடுன்னு சனங்க அள்ளிப் போட்டாகளாமே, அது எழவு வீட்டுக்குக் கோடி எடுத்துட்டுப் போற மாதிரி. மொய்யில ஒசந்த மொய் அது. ரஷ்யாக்காரன் பேரை நோட்டுல இருந்தே அடிச்சுட்டாக. ஊரு செய்யுற வேலைதான்.

நாலாவது புத்தி, அவுகளைப் பாத்துச் சிரிக்காத. நம்ம ஆளு மட்டும் காதாலயா ஓட்டுப் போடுறான்? 2015ல சூப்பர் சிங்கர் ஜூனியர்ல கனடாத் தமிழ்ப் பிள்ளை ஜெசிக்கா பாடினப்ப, அந்தப் பிள்ளைக்காகக் கண்ணு முழிச்ச சனம் எத்தனை நாட்டுல இருந்துச்சு! ரெண்டாவது வந்து, கெடைச்ச தங்கத்தைத் தருமத்துக்குன்னு மேடையிலேயே சொல்லிருச்சு. 2023 டிசம்பர்ல யாழ்ப்பாணத்துக் கில்மிசா சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் கெலிச்சு ஊர் திரும்பினப்ப, ஊரே தெரண்டு வரவேத்துச்சு. ஒரு பிள்ளை பாடினதுக்குக் கடலுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் கண்ணு கலங்குதுன்னா, அது சுருதி சுத்தத்துக்கு மட்டுமாலே?

என் கதையைக் கேளு. 2018ல புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கினாரே, அப்ப ஒங்கம்மா போனை வாங்கி ஓட்டுப் போடச் சொன்னது யாரு? நாந்தான். மத்தவுக என்ன பாடினாகன்னு கேட்டா எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. நம்ம காட்டுப் பாட்டு, நம்ம வேட்டி. குத்துடீ மருமகளேன்னேன், அம்புட்டுத்தான்.

அதுக்கும் முந்தின களவு ஒண்ணு இருக்கு, ஒங்க ஆச்சிகிட்டச் சொல்லிராத. சின்ன வயசுல திருவிழாவுல ரெண்டு செட்டு மேளம் எதிரும் புதிருமா நிக்கும். கூட்டம் எந்தப் பக்கம் சாயுதோ அந்த செட்டு கெலிச்சது. ஓட்டு நம்ம காலுல இருந்துச்சு. நான் ஒரு வருசம் விடிய விடிய ஒரே பக்கம் நின்னு தலையை ஆட்டினேன். என்னமா ரசிக்கான் பயன்னு பெருசுக பேசிக்கிட்டாக. பருத்திப்பால்காரன் அந்தப் பக்கந்தான் அடுப்பை வச்சிருந்தான்.

இப்ப ஒன் விசயத்துக்கு வாரேன். போட்டியில சேராத நாட்டுக்காரனும் ஓட்டுப் போடலாம்னு 2023ல வழி விட்டாகளாம். மத்த உலகம் பூராத்துக்கும் சேத்து ஒரே பெட்டி. இந்தியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா எல்லாம் அந்த ஒத்தப் பெட்டிக்குள்ள அடைசல். சனங்க ஓட்டுல அம்புட்டுப் பேரும் சேந்து சான் மரினோங்கிற குட்டி நாட்டுக்குச் சமம். அதுக்குக் காசு வேற கட்டி, இருபது ஓட்டையும் எஸ்தோனியாக்காரனுக்கே குத்திருக்கே. அவன் என்ன பாடினான்? காப்பியைப் பத்திப் பாடினான். காப்பி வேணும்னா ஒங்கம்மாகிட்டக் கேட்டா போட்டுத் தராளா?

கெலிச்ச ஆஸ்திரியாப் பையன் ஜேஜே, பொம்பளைக் குரல்ல உச்சியில போயி நின்னானே, அதைக் கேட்டு மூஞ்சியைச் சுழிச்சே. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துல ஸ்திரீபார்ட் கட்டின பையங்க குரலைக் கேக்க வண்டி கட்டிக்கிட்டுப் போன சனம்லே நாம. எனக்கு அந்தப் பையனைத்தான் பிடிச்சுது. ஒன் மூஞ்சியைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

கடைசிப் புத்தி. மலை மேல வெட்டுவான் கோவில் இருக்கே, ஒரே பாறையை மேல இருந்து கீழே குடைஞ்சது, ஆயிரத்து எரநூறு வருசம் ஆச்சு, இன்னும் முடியாமக் கெடக்கு. ஏன் முடியலைன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. அப்பனும் மகனும் சிற்பிக. அப்பன் ஒரு எடத்துல செதுக்க, மகன் ஒரு எடத்துல செதுக்க, போட்டி. மகன் முந்திட்டான்னு தெரிஞ்சதும் அப்பனுக்கு வெறி ஏறி, உளியாலேயே மகனை முடிச்சுட்டான். கோவிலும் நின்னு போச்சு.

அன்னைக்கு அந்த மலையில மொய் எழுத நாலு பேரு இருந்திருந்தா? அப்பனுக்குப் பன்னெண்டு, மகனுக்குப் பன்னெண்டுன்னு எழுதி, 1969 மாதிரி ரெண்டு பேருக்கும் பரிசைக் குடுத்துச் சோறு போட்டு அனுப்பியிருப்பாக. ரெண்டு தடவை உலகத்தையே எரிச்ச ஐரோப்பாக்காரன், 1945ல சண்டையை நிறுத்திட்டு, பதினோராவது வருசமே பாட்டுக்கு மொய் எழுத ஒக்காந்தான்னா, அவன் பொழைக்கத் தெரிஞ்சவன். கள்ள மார்க்கு, கள்ள மார்க்குன்னு நீ கத்துறே. மார்க்குப் போடுற கையில உளி இருக்காதுலே.

அடுத்த போட்டி 2026 மே மாசம் வியன்னாவுலயாம். ஓட்டை இருபதுல இருந்து பத்தாக் கொறைச்சுட்டாகளாம். வந்தேன்னா என்னையும் எழுப்பு, கத்தாம எழுப்பு. பத்துல அஞ்சு எனக்கு. அஞ்சையும் சைப்ரஸுக்குப் போடு. பாவம், 2025ல கடைசிச் சுத்துக்கே வரலையாமே. எழுபது வருசம் மொய்யைக் கண்டவன் சொல்லுதேன், சைப்ரஸுக்காரன் வாங்கினதைத் திருப்பிச் செய்யுற ஆளு.