பன்னிரண்டாம் லெவல் பண்டிதர்

அம்பத்தூர் மேனாம்பேட்டில் புதுப்படம் வந்தால் ராக்கி தியேட்டருக்கு ஓடுகிறவர்கள் ஒரு ரகம். புது ஆன்லைன் விளையாட்டு வந்தால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். பன்னிரண்டாம் லெவல் பண்டிதர் இரண்டாவது ரகத்தின் தலைமகன். கருக்கு மெயின் ரோடு டீக்கடையிலோ, ஓ.டி. போகும் ஷேர் ஆட்டோவிலோ, அம்பத்தூர் எஸ்டேட் கேண்டீனிலோ இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் டீ, வாயில் தீர்ப்பு. "கிராஃபிக்ஸ் ஓகே மச்சி. ஆனா சண்டையில ஒரு வெயிட்டு இல்ல."

எந்த விளையாட்டைச் சொல்கிறார் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் உங்கள் டீ ஆறிவிடும்.

பண்டிதர் கரைகண்ட துறை எம்.எம்.ஓ. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் புழங்கும் விளையாட்டு அது. ஒருவர் வாள் பிடிப்பார், ஒருவர் மந்திரம் போடுவார், ஒருவர் அடிபட்டு விழுந்தவர்களுக்கு உயிர் ஏற்றுவார். நீங்கள் தூங்கப் போனாலும் அந்த உலகம் தூங்காது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்துக் கட்டிய 'மட்' என்ற உலகம்தான் இந்த வம்சத்தின் பாட்டன். அதே பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதி, ஆட வருகிறவர்களைச் சீட்டுக்கட்டு போலப் பிரித்து வைத்தார். லெவல் ஏறி பரிசு குவிப்பவர்கள் டைமண்ட். மூலை முடுக்கெல்லாம் துருவுகிறவர்கள் ஸ்பேட். ஆட வந்த இடத்தில் ஊர்க்கதை பேசுகிறவர்கள் ஆர்ட்டின். அடுத்தவனை அடிப்பதே பிழைப்பாக இருப்பவர்கள் கிளாவர். அவர் மேனாம்பேடு வந்து நம் பண்டிதரைப் பார்த்திருந்தால் கட்டில் ஜோக்கரையும் சேர்த்திருப்பார். எந்த செட்டிலும் சேரக்கூடியவர், எதிலும் தங்காதவர்.

பண்டிதர் ஏன் பன்னிரண்டாம் லெவலிலேயே நின்றுவிடுகிறார் என்பதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 2000-களின் நடுவில் அம்பத்தூர் பக்கத்துப் பையன்களுக்கு இன்டர்நெட் என்றால் பிரவுசிங் சென்டர். ப்ளைவுட் தடுப்பு, ஓடாத ஃபேன், மணிக்கணக்கில் காசு. அந்தக் காலத்தில்தான் கொரியாவின் ராக்னராக் ஆன்லைனை லெவல் அப் என்ற நிறுவனம் இந்தியாவுக்கென்று தனி சர்வர் வைத்து நடத்தியது. ரோஸ் நிற ஜெல்லி உருண்டை ஒன்று துள்ளித் துள்ளி வரும். போரிங் என்று பெயர். அதை அடித்து அடித்து லெவல் ஏற வேண்டும். பள்ளிக்கூடப் பையனின் பாக்கெட் மணி சுமாராகப் பன்னிரண்டாம் லெவலில் தீர்ந்துபோகும். மறுவாரம் காசு சேர்ந்து திரும்பி வருவதற்குள் வேறொரு விளையாட்டைப் பற்றி எவனாவது பேசியிருப்பான். இன்று பண்டிதர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. லெவல் மட்டும் ஏறவில்லை.

புது விளையாட்டின் முதல் நாள் பண்டிதருக்குக் கிருத்திகை. முந்தின நாளே டவுன்லோடு போட்டுவிடுவார். 2021 செப்டம்பர் 28 அன்று அமேசானின் நியூ வேர்ல்டு திறந்தபோது அதற்கு மட்டும் 50 ஜி.பி. இடம் வேண்டியிருந்தது. குடும்பத்தின் கல்யாண வீடியோக்கள் பென் டிரைவுக்குக் குடிபெயர்ந்தன. அடுத்த சில நாட்களில் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் இருந்தவர்களின் உச்ச எண்ணிக்கை 9 லட்சத்து 13 ஆயிரத்தைத் தொட்டது. சர்வர்கள் நிரம்பி வாசலில் க்யூ நின்றது. உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று திரை சொல்லும். அதைப் பார்த்தபடியே பண்டிதர் முதல் அபிப்பிராயத்தைத் தொடங்கிவிடுவார்: "லோடிங் மியூசிக் செம மாமே." அதே ஆண்டு டிசம்பரில் ஃபைனல் ஃபேண்டசி 14-இன் புதிய பாகம் வந்தபோது கூட்டம் தாங்காமல் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் விளையாட்டை விற்பதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. கூட்டம் அதிகம் என்று வியாபாரி ஷட்டரை இறக்கிய அதிசயத்தை பண்டிதர் இன்றும் எஸ்டேட் கேண்டீனில் கண் விரியச் சொல்வார்.

உள்ளே போனதும் உருவம் செய்யும் படலம். பிளாக் டெசர்ட் போன்ற கொரிய விளையாட்டுகளில் மூக்கு நுனி, தாடை எலும்பு, புருவ வளைவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்து நீட்டலாம். பண்டிதர் பாதி ராத்திரியை மூக்குக்கே செலவழிப்பார். வாள்வீரனுக்கு ரஜினி மூக்கா, விக்ரம் மூக்கா என்ற தர்மசங்கடம். கடைசியில் முதல் சண்டைக்குக் கிடைக்கும் இரும்புத் தொப்பி மூக்கோடு சேர்த்து முகத்தையே மூடிவிடும். பெயர் வைப்பதில் இன்னொரு இடி. 'மேனாம்பேடு மன்னன்' என்று தமிழில் அடித்தால் விளையாட்டு ஏற்காது. தல, தளபதி, ராஜா எல்லாம் எவனோ எடுத்துவிட்டான். 'ஓடிடெவில்007' என்று உலகத்துக்குள் இறங்குவார்.

சர்வர் தேர்வில் பண்டிதரை யாரும் அசைக்க முடியாது. "சிங்கப்பூர் இருந்தா சிங்கப்பூர்தான் எடுக்கணும்." இதில் அவர் சொல்வது சரிதான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் போடப்பட்டுவிட்டது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக, மேனாம்பேட்டில் அவர் தட்டிய அடி சிங்கப்பூர் போய்ப் பதில் வர நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். ஐரோப்பிய சர்வர் என்றால் இதைப்போலப் பல மடங்கு ஆகும். இவ்வளவு கணக்கும் தெரிந்த பண்டிதர், வீட்டு வைஃபை ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வங்கக் கடலைத் தாண்டி வந்த சிக்னல் அம்மாவின் பட்டுப்புடவைகளைத் தாண்ட முடியாமல் திணறுகிறது. அவர் செத்து விழுந்தால் குற்றம் எப்போதும் சிங்கப்பூருடையது.

முதல் வேலை எல்லா உலகத்திலும் ஒன்றுதான்: பத்து எலியைக் கொன்றுவிட்டு வா, இல்லாவிட்டால் எதையாவது வாங்கி வா. 2001-ல் வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரூன்ஸ்கேப்பில், கோட்டைச் சமையல்காரர் பிரபுவின் பிறந்தநாள் கேக்குக்கு ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு கேட்பார். பண்டிதர் மாடு பிடித்துப் பால் கறந்து, வயலில் கோதுமை பறித்து, ஆலையில் அரைத்து, மூச்சிரைக்கக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதே நேரத்தில் அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"டேய், அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாடா."

"வேலையா இருக்கேன்மா."

"அத அப்படியே நிறுத்தி வெச்சுட்டு வாயேன்."

தமிழ்த் தாய்மார்களுக்கும் எம்.எம்.ஓ. வீரர்களுக்கும் இடையே தீராத வழக்கு இது. இந்த விளையாட்டை நிறுத்தி வைக்க முடியாது. கேசட்டில் ஆடிய மாரியோவை அப்படியே உறைய வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். இங்கே நாலு நாட்டுக்காரர்கள் கூட நிற்கிறார்கள். நீங்கள் எழுந்து போனால் டிராகன் காத்திருக்காது. மெட்ரோ வாட்டர் லாரியும் காத்திருக்காது. பண்டிதரின் வரலாற்றுச் சிறப்புமிக்க தோல்விகளில் பாதி, லாரி ஹாரன் கேட்ட நிமிஷத்தில் நடந்தவை.

"ராத்திரி பூரா யாரோட பேசிட்டிருக்க?"

"எங்க டீம்மா, கில்டு ஆளுங்க."

"கில்ட்டா? தங்கமா ஒரு ஆளும் கிடைக்கலையா உனக்கு?"

2025-ல் இந்த வழக்கில் அம்மாவின் கட்சிக்கு அரசாங்கமே வலு சேர்த்தது. தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அனுமதி இல்லை என்று விதி வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதம் அதைச் செல்லும் என்றது. அம்மா பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"போட்டிருக்கான் பாரு. பன்னெண்டு மணிக்கு மேல ஆடக் கூடாதாம்."

"அது ரம்மி மாதிரி காசு வெச்சு ஆடறதுக்கும்மா. இது கதை விளையாட்டு."

"அப்போ நீ வாங்கின குதிரை எவ்வளவுடா?"

பண்டிதர் வாய் திறக்கவில்லை. ஓடுவதற்கு வேகம் கூட்டும் அந்தக் குதிரையை அவர் கார்டு போட்டு வாங்கியிருந்தார். வாங்கின மூன்றாம் நாளே அந்த உலகத்தை விட்டுப் போய்விட்டார். குதிரை மட்டும் எங்கோ ஒரு லாயத்தில் தனியாக நிற்கிறது.

பண்டிதரின் குணத்துக்கு அவருடைய உத்தியோகமும் ஒரு காரணம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சி.என்.சி. மெஷின்கள் ஓடும் பட்டறை ஒன்றின் குவாலிட்டி பிரிவில் அவருக்கு வேலை. ஷிப்ட் தொடங்கி மெஷின் செட்டிங் முடிந்ததும் வெளிவரும் முதல் பீஸை வெர்னியர் வைத்து அளந்து அவர் ஓகே சொன்னால்தான் லாட் ஓடும். அதற்குப் பிறகு நடுவில் ஒரு பீஸ், கடைசியில் ஒரு பீஸ் எடுத்து அளப்பதும் அதே உத்தியோகம்தான். டூல் தேய்ந்து அளவு நகர்வது அப்போதுதான் தெரியும். பட்டறையில் மூன்றையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர், வீட்டில் முதல் பீஸோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் இரண்டு மணி நேரத்தைத்தான் இழைத்து இழைத்துச் செய்வார்கள். எது நிற்கும், எது கவிழும் என்பது பிறகுதான் வெளிச்சமாகும். ஃபைனல் ஃபேண்டசி 14 முதலில் 2010-ல் வந்தது. "வேலைக்காவாது" என்றார் பண்டிதர். உலகமும் அதையேதான் சொன்னது. நிறுவனம் நவோகி யோஷிடாவைப் பொறுப்பில் போட்டது. 2012 நவம்பரில், ஆடிக்கொண்டிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, நிலவு பிளந்து உள்ளிருந்து டிராகன் வந்து உலகத்தையே அழித்தது, சர்வர் அணைந்தது. 2013 ஆகஸ்டில் அதே உலகம் புதிதாகப் பிறந்து, இன்று இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றாக நிற்கிறது. பண்டிதர் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. தீர்ப்பு வழங்கியாயிற்று, மேல்முறையீடு கிடையாது. நியூ வேர்ல்டுக்கு நேர் எதிர் தலையெழுத்து. "இனி பத்து வருஷத்துக்கு இதான் மச்சி" என்று பண்டிதர் முதல் நாளே முழங்கினார். அடுத்த கோடைக்குள் அந்த 9 லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. 2025 அக்டோபரில் இனிமேல் புதிதாக எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று அமேசான் கைகழுவிவிட்டது.

இந்த உலகங்களில் பேசத்தக்கதாக நடந்ததெல்லாம் தங்கியிருந்தவர்களுக்கு நடந்ததுதான். ஈவ் ஆன்லைனில் 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் எல்லைக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் கட்டப்படாமல் போயிற்று. கரண்ட் பில் கட்ட மறந்த கதைதான், ஆனால் இங்கே ஃபியூஸைப் பிடுங்க வந்தது எதிரிப் படை. ஆயிரக்கணக்கானோர் 21 மணி நேரம் சண்டையிட்டு, ஏறத்தாழ 3 லட்சம் டாலர் மதிப்புள்ள விண்கப்பல்களைச் சாம்பலாக்கினார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 2005 செப்டம்பரில் ஹக்கார் என்ற அரக்கன் தொற்றவைத்த ரத்த நோய், வளர்ப்புப் பிராணிகள் மூலம் அவன் இருப்பிடத்திலிருந்து நகரங்களுக்கு வந்துவிட்டது. கொள்ளைநோய் ஆய்வாளர்கள் 2007-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். அரக்கனோடு மோதியவர்கள் அறுபதாம் லெவல்காரர்கள். கடைவீதியில் சும்மா நின்றிருந்த பன்னிரண்டாம் லெவல்காரர்கள்தான் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பெரிய லெவல் உலகத்திலிருந்து பண்டிதர் இனத்துக்கு வந்து சேர்ந்த ஒரே பிரசாதம் அது.

இருந்தாலும் பண்டிதர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் நாளில் எல்லாரிடமும் ஒரே துருப்பிடித்த வாள்தான். சியோல்காரனுக்கும் வழி தெரியாது, சிங்கப்பூர்காரனுக்கும் தெரியாது. யாரோ ஒருவன் ஆற்றங்கரையில் விழுந்து கிடந்தால் முன்பின் தெரியாதவன் ஓடிவந்து தூக்கிவிடுவான். மூன்று மாதம் போனால் மச்சு வீடு கட்டியவன், காசு கொடுத்துக் கவசம் வாங்கியவன், புதிதாக வந்தவனைப் பார்த்து 'நூப்' என்று சிரிப்பவன் எல்லாரும் வந்துவிடுவார்கள். எஸ்டேட்டில் பத்து வருஷமாக ஒரே கிரேடில் இருக்கும் மனிதருக்கு, எல்லாரும் ஒன்றாம் லெவலில் நிற்கும் அந்த ஒரு நாள் இனிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் அடுத்த உலகம் எப்போது திறக்கும் என்று காத்திருக்கிறார்.

அடுத்தது திறக்கும்போது உங்களையும் கூப்பிடுவார். "வா ப்ரோ, சேர்ந்து ஆடலாம்" என்று லிங்க் அனுப்புவார். தாராளமாகப் போங்கள், முதல் நாளுக்கு அவரைவிடச் சிறந்த வழித்துணை கிடையாது. எந்த சர்வர், எந்த வேடம், எலி எங்கே கிடைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இலவசமாக ஆட விடுகிற வரைக்கும் ஆடிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். குதிரை வாங்காதீர்கள். கில்டு தொடங்கினால் அவரை மட்டும் தலைவராக்காதீர்கள். பதின்மூன்றாம் லெவலில் அவர் இருக்க மாட்டார், பொதுப் பெட்டியின் சாவி அவர் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.