50 கேபிக்குள் ஒரு கடல்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் புதைபடிமக் குரூப்பில் ஒரு படம் வந்தது. கீழே, "சார், இது என்ன கல்லு? அவசரம்." பத்துக் கோடி வருஷம் மண்ணுக்குள் சிவனே என்று கிடந்த கல்லுக்கு ராத்திரி பத்தரைக்கு மேல் என்ன அவசரம்? படத்தைப் பெரிதாக்கினேன். சாம்பல் கட்டங்கள். இன்னும் பெரிதாக்கினேன். இன்னும் பெரிய சாம்பல் கட்டங்கள். காரை கிராமத்தில் கிடைத்த அம்மோனைட்டாக, அதாவது பழைய கடலுயிர் ஒன்றின் சுருள் ஓடாக, இருக்கலாம். மத்தியானம் மிஞ்சிய கோதுமை தோசையாகவும் இருக்கலாம். யாரோ அனுப்பியதை இன்னொருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை மூன்றாமவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்கிறார். மேல் ஓரத்தில் பேட்டரி 14 சதவீதம் என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதற்குள் பதில்கள் வந்துவிட்டன. ஒருவர் டைனோசர் முட்டை என்றார். ஒருவர் சாளக்கிராமம், பூஜையறையில் வையுங்கள் என்றார். ஒருவர் கைகூப்பினார். எதைப் பார்த்துக் கும்பிட்டார் என்பது இன்னும் தெரியவில்லை.

படிமப் படத்தை எப்படி ஒழுங்காகச் சுருக்கி அனுப்புவது என்று எழுதிவிடுவதென்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். ரொம்பச் சுலபமான வழி. சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. அம்மோனைட்டை அடையாளம் சொல்வது அதன் சுருளை வைத்து மட்டும் இல்லை. சுருள் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது. மேல் ஓடு உதிர்ந்த இடத்தில், உள்ளறைத் தடுப்புகள் ஓட்டோடு சேர்ந்த தடம் மெல்லிய கோடாகத் தெரியும். மடிந்து, அந்த மடிப்புக்குள் மடிந்து, அதற்குள்ளும் மடிந்து போகும். எந்தப் பேரினம் என்பதற்கு அந்தக் கோட்டையும் தேடுவார்கள். 1860-களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்த அரியலூர், ஊட்டத்தூர்ப் பக்கத்து அம்மோனைட்டுகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக எழுதியபோது, கூடவே படத்தட்டுகளும் கல்லச்சில் ஏறின. கையால் வரைந்தவை. அந்தக் கோட்டின் ஒவ்வொரு வளைவும் இன்றைக்கும் விரலால் தொட்டு எண்ணுகிற மாதிரி நிற்கிறது. நம் கையில் இருப்பது 50 மெகாபிக்சல் கேமரா. நாம் அனுப்புவது சாம்பல் கட்டம்.

கணக்கு வேண்டுமானால் இதோ. 50 மெகாபிக்சல் படம் என்றால் 8160-க்கு 6120 புள்ளிகள். அதை 1600-க்கு 1200 ஆக்கினால் 26 புள்ளிக்கு ஒரு புள்ளி மிஞ்சும். அதில் முக்கால்வாசி, எடுத்தவரின் செருப்பும் நிழலும். மிச்சத்தில் கல். இதோடு நின்றாலும் பரவாயில்லை. ஜேபெக் வேறு இருக்கிறது. அது படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுணுக்கத்தை முதலில் கழித்துக்கட்டும். கல்யாணப் போட்டோவுக்கு இது பிரமாதம். மாப்பிள்ளையின் பரு போகும், யாரும் கேஸ் போடப் போவதில்லை. அம்மோனைட்டில் சட்டென்று மாறும் நுணுக்கம் என்பதே அந்தக் கோடுதான். ஜேபெக்குக்கு அடியில் இருக்கும் கணிதத்தை 1974-ல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும். அகமது பெங்களூரில் பிறந்தவர். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஒரு தடவை சுருக்க வழி சொன்னார்கள். ஆளாளுக்கு ஒரு தடவை சுருக்கி அடுத்தவருக்குத் தள்ளுங்கள் என்றா சொன்னார்கள்?

அளவு தெரிய, கல்லுக்குப் பக்கத்தில் ஏதாவது வையுங்கள் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. வைக்கிறார்கள். நாணயம் வைக்கிறார்கள். இங்கேதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு ரூபாய் காசு வெச்சிருக்கேன் சார்." எந்த ஒரு ரூபாய்? 1992-ல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்தது கிட்டத்தட்ட 22. 2019-ல் வந்தது 20. மூன்றும் இன்னும் மளிகைக் கடைக் கல்லாவில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. நாலு காசு அகலம் என்று நீங்கள் சொல்லும் அம்மோனைட் பத்து சென்டிமீட்டராகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். சரி, காசில் வருஷம் போட்டிருக்குமே, பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதைத்தான் சுருக்கிவிட்டீர்களே. வருஷம் வேண்டாம், எழுத்தாவது தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை; வெள்ளையாக ஒரு வட்டம். ஒன்றா இரண்டா என்றே தெரியாது. 2011-ன் இரண்டு ரூபாயும் 25 மில்லிமீட்டர், 1992-ன் ஒரு ரூபாயும் 25 மில்லிமீட்டர். 2019-ன் இரண்டு ரூபாய் 23. அதே வருஷத்து ஐந்து ரூபாய் மறுபடி 25. ஆக 25 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று தெரிந்தால் அது ஒன்று, இரண்டு, ஐந்து எதுவாகவும் இருக்கலாம். போகட்டும், 25 என்று தெரிந்தால் போதாதா என்பீர்கள். 25 என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கல்லை வைத்தா? கல்லின் அளவு தெரியத்தானே காசை வைத்தது!

பத்து ரூபாய் வையுங்கள், அது 27 மில்லிமீட்டர், நடுவில் ஒரு நிறம் ஓரத்தில் ஒரு நிறம், எவ்வளவு மங்கினாலும் தெரியும் என்று ஒரு தடவை அறிவித்தேன். "பத்து ரூபாய் காசு எங்க ஊர்ல யாரும் வாங்க மாட்டாங்க சார், அதனால கையில இல்ல" என்று பதில் வந்தது. ஒருவர் இருபது ரூபாய் நாணயம் வைத்தார். அதுவும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் பன்னிரண்டு பக்கம். சுருங்கியதில் பன்னிரண்டும் வட்டமாகிவிட்டது. ஒருவர் ஸ்கூட்டர் சாவி வைத்தார். ஒருவர் தன் மூன்று வயதுப் பையனை நிறுத்தினார். பையன் நன்றாக வளரட்டும், ஆனால் அவன் அளவுகோல் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெட்டியில் ஆறு அங்குல ஸ்கேல் என்று ஒரு சாமான் இருக்கிறது. அதை யாரும் எடுப்பதே இல்லை. எடுத்த ஒரே ஒருவர், படத்தைச் சதுரமாக வெட்டும்போது கல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கேலை வெட்டிவிட்டார். "அது அசிங்கமா இருந்துச்சு சார்."

"பதினோரு மணிக்கு மேல காசைப் பத்தி யார்கிட்ட கத்திட்டு இருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து வீட்டம்மா குரல். எங்கள் தெருவில் எனக்குக் கல்லு மாமா என்றுதான் பெயர். அன்பாக வைத்த பெயர் இல்லை.

நமக்கு இந்தச் சுருக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவை தேர்வு விண்ணப்பங்கள். போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள். படித்த பிள்ளைகள் உள்ள ஒரு வீடு பாக்கியில்லாமல் இந்த அவஸ்தையைப் பட்டாகிவிட்டது. அதனால் சுருக்குவதென்றாலே 50 கேபிதான் என்று ஊருக்கே பதிந்துபோயிற்று. எங்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள பிரவுசிங் சென்டரில் ஒரு தம்பியிடம், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் இருந்த சிப்பி ஒன்றின் படத்தை, ஓரம் வெட்டி, நீளவாக்கில் 2000 புள்ளிக்குக் கொண்டுவா என்று கொடுத்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டான். பின்னணியை எடுத்து வெள்ளை போட்டிருந்தான். பாஸ்போர்ட் சைஸ். எட்டு காப்பி பிரிண்ட். "சைடு போஸா இருக்கு அங்கிள், ரிஜெக்ட் ஆகும், நேரா எடுத்துட்டு வாங்க" என்றான். ஏழு கோடி வருஷத்துக்கு முன் செத்த சிப்பிக்கு எந்த வேலைக்கு விண்ணப்பம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

சிரிக்கலாம். ஆனால் 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களின் படங்கள் டைனோசர் முட்டை என்று ஊர் ஊராகப் போயின. நிலவியல் படித்தவர்கள் அவை அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் முட்டை நாடு முழுக்கப் பொரிந்துவிட்டது. மங்கலான படத்தில் எல்லாமே முட்டைதான். முட்டைக்கு விவரம் தேவையில்லை, உருண்டையாக இருந்தால் போதும். இப்படிக் கல் எடுப்பவர்களில் பாதிப்பேர் இடத்தைக்கூடச் சொல்வதில்லை. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத படிமம் வெறும் அலங்காரக் கல். படத்துக்குள் கேமரா எழுதிவைத்த இடமும் தேதியும், மெசேஜ் செயலி வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது அநேகமாகக் கழன்று போய்விடும். ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கம் மட்டும் எத்தனை கை மாறினாலும் ஒரு இதழ் மங்குவதில்லை. இது என்ன ரகசியமோ.

சரி, வழிக்கு வருகிறேன். படத்தைச் சுருக்கவே வேண்டாம், செயலியில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடி வரும் என்று போன மாதம் ஒரு பெரியவருக்கு விளக்கினேன். அவர் வயலில் உழும்போது ஏதோ சுருள் கல் வந்ததாம். டாக்குமெண்டா, சரி தம்பி என்றார். அரை மணி நேரத்தில் வந்தது. கிரயப் பத்திரம். மூன்று பக்கமும் ஸ்கேன் பண்ணி, கோணாமல், மங்காமல். சார்பதிவாளர் முத்திரையின் ஓரத்து எழுத்துவரை படிக்க முடிந்தது. சர்வே எண், உட்பிரிவு, கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த ஓடை எல்லாம் இருந்தது. ஒரு படிமம் கிடைத்த இடத்தை இவ்வளவு துல்லியமாக எனக்கு யாருமே சொன்னதில்லை.

கல்லின் படம் அன்று சாயங்காலம் தனியாக வந்தது. 38 கேபி.