முன்வரிசைச் சூத்திரமும் பலெர்மோ உரையும்

டூரிங் டாக்கீஸில் முன்னால் உட்கார்ந்தவர் தரை டிக்கெட். சபாவில் முன்னால் உட்கார்ந்தவர் ஸ்பான்சர். முன்னவர் கண்டது திரையில் பாதி. பின்னவர் காண வருவதே இல்லை, காணப்பட வருகிறார். ஆகவே முன்வரிசையின் இயல்பை ஆராய இவ்விரண்டும் உதவா. சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குப் போக வேண்டும். அங்கே ‘ஓப்பரா தேய் பூப்பி’ என்னும் பொம்மலாட்டம் சின்னஞ்சிறு கொட்டகைகளில் நடக்கிறது. 2001-ல் யுனெஸ்கோ இக்கலையைப் போற்றியது. உட்காரும் இடத்தை நம் ஆய்வுக்கு விட்டுவைத்தது.

சூத்திரம்: தூரம் கூடின் வீரன் வளரும்.

என்னை? பலெர்மோ பொம்மை எண்பது, தொண்ணூறு செ.மீ. உயரம், எடை சுமார் 8 கிலோ. மேடையில் அளவு ஒப்பிட ஆள் இல்லை. சீலையில் தீட்டிய கோட்டையும் பொம்மைக்கேற்ற கோட்டைதான். எனவே கடைசி பெஞ்சுக்காரருக்குக் கதைநாயகன் ஓர்லாந்தோ ஆறடி ஆளாகிவிடுகிறான். முன்வரிசைக்காரருக்கோ தலையில் செருகிய இரும்புக் கம்பி தெரிகிறது. பக்கத்திலிருந்து நீளும் ஆட்டுநர் கையும் தெரிகிறது. (கத்தானியா நகரத்துப் பொம்மைகள் இன்னும் பெரியவை, முழங்கால் மடங்காதவை. அவை வேறு நூலுக்குரியன.)

அதே பலெர்மோவில் 1897-ல் திறந்த தியாத்ரோ மாசிமோ என்னும் மாபெரும் இசைநாடக அரங்கில் இச்சூத்திரம் செல்லாது. அங்கே உச்சி மாடத்துக்காரருக்குப் பாடகி எள்ளளவு.

அற்றேல் அஃதாக, முன்வரிசைக்குப் பயன் யாதெனின், போர். ஆட்டுநர் கட்டைச் செருப்பால் பலகையை உதைக்கிறார். கவசத் தகடுகள் மோதுகின்றன. எதிரியின் தலை துண்டாகி விழுகிறது. அந்த உதை பெஞ்சு வழியாக முதுகெலும்புக்கு ஏறுகிறது. கம்பியைக் கண்டவர்தான் முதலில் பதறுகிறார். இதற்கு விளக்கம் கிடைத்திலது.

ஆபத்தும் உண்டு. முற்காலத்தில் ஒரே கதை மாதக்கணக்கில் இரவுதோறும் தொடரும். துரோகி கானோ மேடையேறினால் கையில் கிடைத்தது பறக்கும். எறிபவருக்கும் கானோவுக்கும் நடுவே இருந்தவை முன்வரிசைத் தலைகளே என்க.

துணைச் சூத்திரம்: ஆட்டம் முடிந்து ஆட்டுநர் மேடைக்கு வந்தால், கடைசி பெஞ்சுக்காரர் ராட்சதனைக் கண்டு வாய் பிளப்பார். முன்வரிசைக்காரர் வியக்காமல் முதலில் எழுவார். வாசல் பின்பக்கம் என்பதால் கடைசியில் வெளியேறுவார்.