நடைராஜர்

பிரேசிலின் சால்வடோர் நகரத்தில் இவரை எந்தச் சந்திலும் பார்க்கலாம். எந்த நாட்டுக்காரரானாலும் உடுப்பு ஒன்றுதான்: அரைக்கால் சட்டை, விலை கூடிய ஷூ, அடிகளை எண்ணும் கைக்கடிகாரம். ஊரைக் காலால்தான் அறிய வேண்டும் என்பது கொள்கை. பஸ்ஸும் டாக்ஸியும் சோம்பேறிகளுக்கு. வழிகாட்டி எதற்கு? கைபேசியில் வரைபடம் இருக்கிறதே!

வரைபடம் தட்டை. சால்வடோர் அப்படியல்ல. 1549-இல் தொமே டி சோசா இதை நிறுவியபோது, எதிரிக்கு எட்டாதபடி ஊரை மேட்டின் உச்சியில் வைத்தார், துறைமுகம் கீழே. அன்றிலிருந்து மேல் நகரம், கீழ் நகரம் என இரண்டு. கீழே மெர்காடோ மொடேலோ சந்தை வாசலில் நிற்கும் நம்மவருக்கு, பெலோரின்யோ பகுதி பக்கத்தில்தான் என்று வரைபடம் காட்டுகிறது. பக்கத்தில்தான், ஆனால் தலைக்கு மேலே.

இதற்காகவே 1873 முதல் எதிரில் நிற்கிறது லசெர்தா லிஃப்ட், 72 மீட்டர் உயரத்துக்கு. உள்ளூர்ப் பாட்டிமார் பையும் கையுமாக அதில் ஏறிப் போகிறார்கள். நடைராஜர் அதைப் படம் மட்டும் பிடித்துக்கொண்டு சரிவுச் சாலைக்குத் திரும்புகிறார். "அந்தப் பக்கம் வேண்டாம், லிஃப்டில் போங்கள்" என்று ஒரு கடைக்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். நம்மவருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. ஊரே தன்னை வாழ்த்துவதாக நினைத்துப் பதிலுக்குக் கையசைக்கிறார்.

மேலே வந்து சேரும்போது மூச்சு மட்டும் இன்னும் கீழ் நகரத்தில். மறுக்கத் தெம்பில்லாத அந்த நேரம் பார்த்து ஒருவர் மணிக்கட்டில் பொன்ஃபிம் நாடாவைக் கட்டிவிடுகிறார். மூன்று முடிச்சு, மூன்று வேண்டுதல். தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது. (மூன்று முடிச்சின் விதி நமக்குப் புதிதல்ல.) முதல் இரண்டு வேண்டுதல் முழங்காலுக்கு, மூன்றாவது நாற்காலிக்கு.

நாற்காலி கிடைத்தது, அக்கராஜே விற்கும் வெள்ளுடை அம்மாவின் கடையோரம். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டம் அது; நம் வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. வயிற்றைப் பிளந்து இறால் வைத்துத் தருகிறார். நடந்து கரைத்ததெல்லாம் இரண்டே அக்கராஜேயில் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு நடக்கத் தெரியாது என்று அந்தப் பாட்டிமாரைப் பற்றி அவர் முடிவுகட்டிவிட்டார். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, அதே பாட்டிமார் வெள்ளை உடுத்தி, லிஃப்டின் காலடியிலுள்ள கன்செய்சாவ் தேவாலயத்திலிருந்து பொன்ஃபிம் தேவாலயம் வரை சுமார் 8 கிலோமீட்டர், கொட்டும் பாட்டுமாக நடந்து போய், வாசற்படியை வாசனைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். நடைராஜர் அதையும் பார்த்தார். ஓட்டல் அறையில், காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில்.