ரெசின் காருக்கு வண்ணம் பூசுதல்: தண்டையார்பேட்டைத் தூசியை முன்வைத்து ஓர் ஆய்வு

அறிவுலகம் போதிய கவனம் செலுத்தாத சிக்கல் ஒன்று உண்டு. காரை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கலாம். அதன்மேல் விழும் தூசியைச் சுருக்க முடியாது. மாதிரிக் கார் உலகில் பரவலாக வழங்கும் 1:43 அளவில் கதவு, விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் சொன்னபடி கேட்டுச் சிறுத்துவிடுகின்றன. தூசியும் ஈரமும் பெயின்ட்டும் மட்டும் மறுக்கின்றன. இம்மூன்றின் பிடிவாதத்தைத் தண்டையார்பேட்டை மொட்டைமாடி ஒன்றில் நிறுத்தி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப்பொருள் ஆஸ்டின் ஏ40 டெவன். காரணம் ஊர்ப்பாசம்தான். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. பிறகு லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயரும் மாறி, லாரி பஸ் பக்கம் போய்விட்டது. அதே 1949-இல்தான் இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ் இந்தக் காரை உலோகப் பொம்மையாக வெளியிட்டது. எண்ணூர் முந்தியதா, பொம்மை முந்தியதா என்ற காலவாராய்ச்சியை வருங்கால முனைவர்களுக்கு விட்டுவைப்போம்.

நிஜக் காரின் நீளம் சுமார் 3.89 மீட்டர், 1:43-இல் 9 சென்டிமீட்டர். ஆயிரக்கணக்கில் விற்காத இப்படிப்பட்ட மாதிரிக் காருக்கு எஃகு அச்சு செய்வது கட்டுப்படியாகாது. ஆகவே சிலிக்கோன் அச்சில் பாலியூரித்தேன் ரெசினை ஊற்றி எடுக்கிறார்கள். சில பத்து வார்ப்புகளில் அச்சு கிழிந்துவிடும். வெளிவரும் உடலிலோ ஓரமெல்லாம் பிசிறு, ஆங்காங்கே ஊசித்துளை, மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

முதல் சடங்கு நீராட்டு. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும். அச்சிலிருந்து சுலபமாகக் கழற்றப் பூசிய பிசுக்கு மிச்சமிருந்தால் பெயின்ட் அங்கே ஒட்டாமல் வட்டவட்டமாக விலகி ஓடும். உடல் கோணியிருந்தால் சுடுநீரில் முக்கி, இளகியதும் நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். நிஜக் காரின் கோணலைச் சுத்தியலால் தட்டி எடுக்கும் டிங்கர்கள் இந்தச் சுகத்தைக் கண்டால் பொறாமைப்படுவார்கள்.

அடுத்தது பட்டி. ஊசித்துளைகளை அடைத்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் ரெசின் தூள் நுரையீரலுக்குப் போகும். இந்த ஒன்றில் மட்டும் வேடிக்கை கிடையாது, முகக்கவசம் கட்டாயம். பிறகு சாம்பல்நிற பிரைமர். குறைகளை மறைப்பதற்கென்று பலர் நம்பும் அது, உண்மையில் அவற்றைக் காட்டிக்கொடுக்கும் கோள்மூட்டி. 0.2 மில்லிமீட்டர் துளை என்று அலட்சியமாக விட்டது, நிஜக் காரின் அளவுக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பள்ளம்.

இனிப் பெயின்ட்டின் கனம். தொழிற்சாலைக் காரில் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மாதிரிக் காரில் எவ்வளவு மெல்லிசாகத் தெளித்தாலும் 0.05 வந்துவிடும். 43-ஆல் பெருக்கினால் 2 மில்லிமீட்டருக்கு மேல்! கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள கோடு தூர்ந்துபோவது இதனால்தான். பெயின்ட் அடிக்கும் முன்பே கோடுகளை ஊசிமுனையால் ஆழப்படுத்திவைப்பது மரபு.

திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் புல்லட் டாங்கின்மேல் வெறுங்கையால், தூரிகை பிடித்துப் பொன்வரை இழுத்த கலை ஊரறிந்தது. அந்த வரை 3 மில்லிமீட்டர் என்று கொண்டால் 1:43-இல் 0.07, தலைமுடியின் பருமன். அதை வெறுங்கையால் இழுக்கிறேன் என்று எவராவது சொன்னால் ஆய்வுலகம் சான்று கேட்கும்.

வண்ணத்தை மூடிய அறையில் அடித்தால் தூசி வராதே என்பது பூர்வபட்சம். தின்னர் நெடிக்கு வீட்டார் காட்டும் எதிர்ப்பு இதற்கு முதல் மறுப்பு. மின்விசிறியைப் போட்டால் தூசி கிளம்பும், நிறுத்தினால் நெற்றி வியர்வை காரின் கூரையில் சொட்டும் என்பது இரண்டாவது. 3 மில்லிமீட்டர் சொட்டு நிஜக் காரில் 13 சென்டிமீட்டர். ஆகவே மொட்டைமாடி. அங்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி காத்திருக்கிறது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. அதற்குமுன் ராயபுரம் பக்கம் வெள்ளை நிறக் கார் செய்ய நினைத்தவரின் மனத்துணிவு தனி ஆய்வுக்குரியது. மாதிரிக் கார்களின் நலனை நீதிமன்றம் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை.

தூசியை வென்றவரைக் கடற்காற்று பிடிக்கும். தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிகிறது. பளபளக்க வேண்டிய கறுப்பு, விபூதி பூசியதுபோல் வெளுக்கிறது. மெதுவாக உலரும் தின்னர் சேர்ப்பது ஒரு வழி. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே கன்னைத் தொடாமலிருப்பது இன்னொரு வழி.

எனவே புரட்டாசிக்குள் வேலை முடியவேண்டும். இது நவராத்திரிக்கும் தோதான கெடு, ஏனென்றால் கொலுப் பூங்காவில் நிறுத்த ஒரு கார் தேவைப்படும். ஆனால் அங்கே புதிய சிக்கல் எழுகிறது: சுமார் 20 சென்டிமீட்டர் உயர மரப்பாச்சி ராஜா, 1:8 அளவுக்காரர்; 4 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத ஆஸ்டினோ அவர் முழங்காலுக்கும் எட்டாது. அவரை ஏற்றிச்செல்ல 1:8-இல் கார் செய்தால் நீளம் அரை மீட்டரை நெருங்கும்; அதற்குக் கொலுப்படியில் இடமில்லை.