ஆட்டுப்பட்டியில் ஒரு காதல்

கேள்வி: பிரிட்டிஷ் காதல் படம் என்றாலே அரண்மனையும் தேநீர்க் கோப்பையும்தானா? சேற்றில் கால் வைத்த காதலே கிடையாதா?

பதில்: கால் என்ன, முழங்கை வரை சேறு! பிரான்சிஸ் லீ இயக்கி 2017-இல் வந்த ‘காட்ஸ் ஓன் கன்ட்ரி’ பாருங்கள். யார்க்‌ஷயர் மலைப்பண்ணை, பக்கவாதம் வந்த அப்பா, குடியில் மனசை மரத்துப்போக வைத்திருக்கும் மகன் ஜானி. ஆடு ஈனும் பருவத்துக்குக் கூலி வேலைக்கு வருகிறான் ருமேனிய இளைஞன் கியோர்கே. காதல் இந்த இருவருக்கும் இடையில்தான். செத்த குட்டியின் தோலை உரித்து, ஒரு நோஞ்சான் குட்டிக்குச் சட்டையாக மாட்டிவிடுகிறான். தன் பிள்ளை என்று தாயாடு அதைச் சேர்த்துக்கொள்கிறது. இந்த ஒரு காட்சிக்குப் பத்துப் பக்கக் காதல் வசனம் ஈடாகாது. லீ யார்க்‌ஷயர் பண்ணையில் வளர்ந்தவர். நடிகர்களையும் நிஜப் பண்ணைகளில் வேலை பழகவைத்தார். குட்டியை இழுத்தெடுக்கும் கைகள் அவர்களுடையவையே!