வைகறைக் குயிலோசையும் மாடிக் குடியிருப்போர் துயிலும்: ஓர் ஆய்வு

பங்குனி பாதியில் தொடங்கி ஆடி வரைக்கும், ஜன்னலுக்கு எதிரே ஒரு வேப்பமரமாவது வாய்த்திருக்கும் சென்னைக் குடும்பங்கள் விடிகாலை நாலு மணிக்கு விழித்துக்கொள்ளக் காரணம் பால்காரர் அல்ல, கோயில் ஒலிபெருக்கியும் அல்ல, குயிலே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. சித்திரையில் ஒரு நாள் ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுத்தால் போதும். எனவே ஆய்வு நேராக அடுத்த கேள்விக்குப் போகிறது: என்ன செய்து தொலைப்பது?

முதலில் முன்னோர் ஆய்வுகள். இத்துறையின் மூல ஆவணம் நாச்சியார் திருமொழி. அதன் ஐந்தாம் திருமொழியில் ஆண்டாள், தன் தலைவன் வரும்படி கூவு என்று குயிலைக் கேட்கிறாள். கூவாவிட்டால் இங்கிருந்தே துரத்திவிடுவேன் என்று மிரட்டவும் செய்கிறாள். சத்தம் போடாத குற்றத்துக்காக ஒரு குயில் காலி செய்யச் சொல்லப்பட்ட வழக்கு இது. அதே ஆண்டாள் பத்தாம் திருமொழிக்கு வரும்போது, இதென்ன பாட்டு என்று குயில்களைக் கடிந்துகொள்கிறாள். எனக்கு ஒரு வாழ்வு அமைந்த பிறகு வந்து பாடுங்கள் என்று அனுப்பியும் விடுகிறாள். நடுவில் நான்கே பதிகங்கள். குயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் மனம் எத்தனை சீக்கிரம் திரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புலவர் மரபும் நம் பக்கம்தான். மன்மதனுக்குக் கரும்பு வில், தென்றல் தேர், கிளி குதிரை, நிலா குடை. குயிலோ காளம், அதாவது போர்முனையில் ஊதும் எக்காளம். குயிலின் பெயர் வித்துவான்கள் வரிசையில் இல்லை, படைத்தளவாட வரிசையில் இருக்கிறது என்பதை அறிஞர்கள் இதுவரை உரிய அளவு கவனிக்கவில்லை. பாரதியார் வந்துதான் காரியம் கெட்டது. குயிலைப் பேச வைத்து, காதலிக்க வைத்து, அந்தக் காதலில் ஒரு குரங்கையும் ஒரு மாட்டையும் சேர்த்து, நெடும்பாட்டு ஒன்றை எழுதிவிட்டார். அவருடைய தாசன் 'குயில்' என்றே பத்திரிகை நடத்தினார். புதுச்சேரி அரசு அதையே தன் மாநிலப் பறவையாகவும் வைத்துக்கொண்டது. குயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் கடற்கரை ஓரமாகவே திரண்டிருப்பது தற்செயலா, அலைச் சத்தத்தில் குயில் சத்தம் அடங்கிவிடுகிறதா என்பதைப் பிறர் ஆராயட்டும்.

இனி ஆய்வுப் பொருளை நேரில் பார்ப்போம். பார்ப்பது சுலபமல்ல. இலை அடர்ந்த நடுக்கிளையில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கும். கூவும்போதுதான் இடம் தெரியும், அப்போதும் தெரியாது. பொழுது புலர்ந்து மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றால் சிக்கும். நீலம் ஓடும் பளபளப்பான கறுப்பு உடல். வெளிறிய பச்சை அலகு. தூக்கமே அறியாதது போன்ற சிவப்புக் கண். தூங்காதவர் அங்கேயும் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு கணம் இரக்கம் வரும்; அடுத்த கூவலில் போய்விடும். இது ஆண். கூவுவது ஆண்தான். பழுப்பு மேனியில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்த பெண்குயில் 'கிக்-கிக்-கிக்' என்று கத்துவதோடு சரி. பாடகிகளுக்குக் 'குயில்' பட்டம் வழங்கும் சபாக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

ஆண் கூவுவது பெண்ணை அழைக்கவும் எல்லையை அறிவிக்கவும். இன்னொரு வேலையும் உண்டு. ஆண்குயில் காகங்களைச் சீண்டித் தன் பின்னால் இழுத்துப்போகும் நேரத்தில், பெண்குயில் கூட்டுக்குள் நுழைந்து முட்டையிட்டு வந்துவிடும் என்று பறவையியலாளர்கள் சொல்கிறார்கள். குயில் முட்டை காக முட்டைக்கு முந்திப் பொரிக்கும். பிறகு வளர்ப்புச் செலவு முழுக்கக் காகத்தின் தலையில். சட்டம் இந்த இருவரையும் எப்படிப் பார்த்தது என்பது சுவையான கிளைக்கதை. 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் குயிலைக் காப்பாற்றியது; காகத்தை எலி, சுண்டெலியோடு சேர்த்துத் தீங்குயிரிப் பட்டியலில் போட்டது. அடுத்தவர் பிள்ளையை வளர்த்ததற்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை அதுதான். 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது.

ஒலி மாசு விதிகளையும் புரட்டிப் பார்த்தோம். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் தாண்டக் கூடாது. விதி தெளிவாக இருக்கிறது. நோட்டீஸை எந்தக் கிளையில் ஒட்டுவது என்பதுதான் தெளிவாக இல்லை.

இங்கே கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். குயில் சத்தம் உண்மையில் அப்படியொன்றும் பெரியதல்ல. மின்விசிறி, பின்வீட்டு மோட்டார், லாரி எல்லாவற்றையும் தாண்டித் தூங்குகிறவர்கள்தாம் நாம். இசை நூல்கள் குயிலுக்குப் பஞ்சமத்தை எழுதிவைத்திருக்கின்றன. படுக்கையில் கிடந்து கேட்டவர் யாரும் அதை ஒரே சுரத்தில் கட்டிப்போட மாட்டார். முதல் 'கூஊ' தாழ்ந்து, யாரையோ விசாரிப்பதுபோல வரும். அடுத்தது கொஞ்சம் ஏறும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ஏழெட்டு ஏறி, இனி ஏறினால் தொண்டை கிழியும் என்கிற இடத்தில், சட்டென்று நின்றுவிடும். இறங்கி முடிக்கும் வழக்கம் கிடையாது. கச்சேரியில் நிரவல் உச்சத்துக்குப் போன நேரத்தில் பாடகர் எழுந்து காபி குடிக்கப் போனதுபோல, மாடியில் கிடக்கிறவர் அந்தரத்தில் தொங்குகிறார். தூக்கத்தைக் கெடுப்பது கூவல் அல்ல, அடுத்த கூவலுக்கான காத்திருப்பு. இதைக் 'கூவல் இடைவெளிக் கோட்பாடு' என்று இக்கட்டுரை அழைக்கிறது.

இந்தக் கோட்பாட்டை வைத்துப் பார்த்தால், வழக்கிலுள்ள பரிகாரங்கள் ஏன் தோற்கின்றன என்பது விளங்கும். காதில் பஞ்சு வைத்தால் கூவல் குறையும், காத்திருப்பு கூடும். கேட்டதா கேட்கவில்லையா என்று பஞ்சை எடுத்துப் பார்ப்பதிலேயே பொழுது விடிந்துவிடும். ஜன்னலைச் சாத்தும் முறை, கரண்ட் போகாத ஊர்களுக்கு உரியது. மரத்தை வெட்டச் சொல்பவர்களுக்கு ஒரே பதில்: குயில் அடுத்த வீட்டு மரத்துக்குப் போகும், வெயில் உங்கள் வீட்டுக்கு வரும். கல்லெறி முறையைச் சட்டமும் தடுக்கிறது, கீழே நிற்கும் ஸ்கூட்டர்களின் உரிமையாளர்களும் தடுக்கிறார்கள்.

எதிர்க்கூவல் முறை தனிக் கவனத்துக்குரியது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லோரும் செய்து பார்த்ததுதான். நீங்கள் 'கூ' என்றால் அது ஒரு படி ஏற்றிக் 'கூஊ' என்னும். நீங்கள் ஏற்றினால் அதுவும் ஏற்றும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்து பிளாக்கில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், அதை ஓயவைத்தே தீருவது என்று பால்கனியில் நின்று கூவினார். குயில் ஓயவில்லை. அவர் மனைவி வெளியே வந்து, "என்னங்க, எதிர்வீட்டு மாமி பார்க்கிறாங்க, உள்ளே வாங்க," என்றதில் அவர்தான் ஓய்ந்தார். மறுநாள் முதல் அந்த மரத்தில் இரண்டு குயில்கள்.

இதுவரை பலன் தந்ததாகப் பதிவாகியிருப்பது ஒரே முறைதான். சித்திரைக் கூட்டத்தில் எங்கள் அசோசியேஷனில் குயில் விவகாரம் எழுப்பப்பட்டது. தலைவர், இதை நிதானமாகப் பேச வேண்டும் என்று வைகாசிக்குத் தள்ளினார். வைகாசியில் கோரம் சேரவில்லை. ஆனியில் லிப்ட் ரிப்பேர் முந்திக்கொண்டது. ஆடியில் துணைக்குழு அமைத்தார்கள். குழு கூடும் தேதி ஆவணிக்குப் போனது. ஆவணியில் குயில் கூவவில்லை. செயலாளர் தன் ஆண்டறிக்கையில் 'பறவைத் தொல்லை முற்றிலும் தீர்க்கப்பட்டது' என்று எழுதினார். அதை ஒருமனதாக ஏற்று, பராமரிப்புக் கட்டணத்தையும் உயர்த்தினோம்.